முசாபிரும் முகீமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலத்தாரை இரட்சிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும், பிறந்த ஊரை விட்டுப் புகுந்த ஊரைத் தம் ஊராக்கிக் கொண்ட எங்கள் நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த ஜமாஅத் சகோதரர்களே!

நான் ஆலிமல்லன், கடைக்காரன். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், ஆலிம் பெருமக்களின் பயான்களில் காதால் கேட்டதுந்தான் என் முதல். அந்தச் சிறு முதலை வைத்துக் கொண்டு, நம் கடைகளிலே நாள்தோறும் நான் காணும் ஒரு காரியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம்மிடம் புதிதாக வந்து சேரும் பிள்ளைகளைப் பற்றியே பேசப் போகிறேன். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து பெர்மிட்டில் வந்து, அலோர்ஸ்டாரிலும் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் நம் சாப்பாட்டுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நிற்கிற தம்பிமார்களைச் சொல்கிறேன். அவர்கள் இந்த ஊரில் எப்படிக் குடியமர்கிறார்கள்? அவர்களைக் குடியமர்த்த நாம் என்ன செய்கிறோம்? இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்லுகிறது?

தொழுகை கற்றுத் தரும் பாடம்

பிரயாணத்தில் இருக்கும் முசாபிருக்கு அல்லாஹுத்தஆலா ஒரு சலுகை தந்திருக்கிறான். நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். இதற்குக் கஸ்ரு என்று பெயர். இது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்தச் சலுகை எது வரைக்கும்?

ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் ஓரூரில் தங்குவதாக நிய்யத்துச் செய்து விட்டால், ஊரைத் தொட்டவுடனே கஸ்ரு முடிந்தது; அவன் முகீம், அதாவது தங்கியிருப்பவன் ஆகிவிட்டான். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்கும் நிய்யத்து வந்தால் அவன் முகீம். அதற்குமேல் அவன் முழுத் தொழுகையே தொழுதாக வேண்டும்.

தங்கும் நிய்யத்தே இல்லாதவன் கதை வேறு. நாளைக்குப் போகிறேன், மறுநாள் போகிறேன் என்று காரியம் முடியாமல் நாள் தள்ளிக் கொண்டிருப்பவன் ஹனபி சட்டப்படி ஆண்டுக்கணக்கானாலும் முசாபிரே. ஷாபிஈகள் அதற்குப் பதினெட்டு நாள் என்று எல்லை வைத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அஜர்பைஜானிலே பனியால் வழி அடைபட்டு ஆறு மாதம் கஸ்ராகவே தொழுதார்கள் என்று அறிவிப்பு இருக்கிறது. அவர்களுக்கு வழி அடைபட்டிருந்தது. அது உண்மையான காரணம்.

சகோதரர்களே! நம்மவர்களை எண்ணிப் பாருங்கள். தொழுகையில் நாம் முகீம். முழுதாகத்தான் தொழுகிறோம். ஆனால் வாழ்க்கையில்? பனியும் இல்லை, அடைபட்ட வழியும் இல்லை. இருந்தும் இருபது, முப்பது ஆண்டுகள் கஸ்ராகவே வாழ்ந்து விடுகிறோம். பாஷையில் பாதி, பழக்கத்தில் பாதி, தூக்கத்தில் பாதி, சாப்பாட்டில் பாதி. எல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்தி வைத்து விடுகிறோம். நம் பெரியவர்கள் இந்த வாழ்வுக்குச் சபுர் என்றே பெயர் வைத்தார்கள். வாழ்கிறவனுக்குச் சபுராளி என்று பெயர். பெயரிலேயே பிரயாணம் ஒட்டிக் கொண்டது.

இந்தக் கஸ்ரு வாழ்வு நமக்கு என்ன நஷ்டத்தைக் கொண்டு வந்தது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1957 ஆகஸ்டு 31ல் மலாயா சுதந்திரமடைந்த வேளையில், இங்கே பல ஆண்டு வாழ்ந்தவர்கள் பிரஜா உரிமை கேட்டு மனுச் செய்ய வழி திறந்திருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்ச்சி வேண்டுமென்ற நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. எத்தனையோ பேர் மனுச் செய்தார்கள். எத்தனையோ பேர், எப்படியும் நாட்டுக்குத்தானே போகப் போகிறோம் என்று இருந்து விட்டார்கள். பிறகு 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பிரஜையல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றானது. அடுத்த ஆண்டுகளில் கித்தாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும், தோட்டத்தையும் பட்டணத்தையும் நம்பிக் கடை வைத்தவர்களும் ஆயிரமாயிரமாகக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொண்டு போனவர்களும் உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடே இங்கே முதுமையடைந்தவர்களும் உண்டு. தங்கும் நிய்யத்தைத் தள்ளிப் போட்டதற்குக் கொடுத்த விலை அது.

மதீனாவில் காய்ச்சல்

புதிய ஊர் யாருக்கும் எளிதாக இருந்ததில்லை; ஸஹாபாப் பெருமக்களுக்கும் எளிதாக இருக்கவில்லை.

கி.பி. 622ல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தவர்களை அந்த ஊரின் காய்ச்சல் பிடித்துக் கொண்டது. ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக்கும் ஹஜ்ரத் பிலாலும் ரலியல்லாஹு அன்ஹுமா படுத்து விட்டார்கள். காய்ச்சல் சற்றே தணிந்தால் ஹஜ்ரத் பிலால் அவர்கள் குரலெடுத்துப் பாடுவார்களாம். மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே முளைக்கும் வாசனைப் புல்லையும், ஊற்றையும், மலைகளையும் இனி ஒரு தடவை காண்போமா என்று ஏங்கிப் பாடுவார்களாம். யோசித்துப் பாருங்கள்! அந்த மக்காவிலேதான் அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சிலே பாறையை ஏற்றினார்கள். அப்படிப்பட்ட ஊரையும் மனம் விடவில்லை. பிறந்த மண் அப்படி.

அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் இதை நாயகத்திடம் போய்ச் சொன்னார்கள். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், இதென்ன கோழைத்தனம் என்று கடிந்து கொள்ளவில்லை. மார்க்கத்துக்காக வந்த இடத்தில் ஊர் நினைப்பா என்று கேட்கவுமில்லை. கையேந்தித் துஆச் செய்தார்கள். மக்காவை நேசிப்பது போல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கி வைப்பாயாக என்றும், அவ்வூரைச் சுகமுள்ளதாக்குவாயாக என்றும், அவ்வூரின் ஸாவு, முத்து என்னும் அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்றும் கேட்டார்கள்.

வியாபாரப் பெருமக்களே, இந்தத் துஆவைச் சற்று நின்று கவனியுங்கள். ஸாவும் முத்தும் தானியம் அளக்கும் படிகள். புதிதாய் வந்த ஊரை மனத்துக்குப் பிரியமாக்கும்படி கேட்ட அதே மூச்சில், அவ்வூர்க் கடைத்தெருவின் படிக்கும் மரக்காலுக்கும் பரக்கத் கேட்டார்கள். ஊர் மேல் பிரியமில்லாமல் அளக்கிறவன் கையில் படி நேராக நிற்காது என்பதே நான் இதில் எடுத்துக் கொள்ளும் பாடம். இது நமக்குச் சொந்த ஊரா, வந்த இடத்தில் வந்த மட்டும் இலாபம் என்று நினைப்பவனுக்குத் தராசுத் தட்டில் விரல் வைக்கத் தோன்றும். அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று திருக்குர்ஆன் எச்சரிப்பதை நாம் மறக்கலாகாது.

இதிலே முதலாளிமார்களுக்கும் ஒரு பாடமுண்டு. வந்த பிள்ளை இரவிலே பாயில் படுத்துப் போனைப் பார்த்துக் கண் கலங்கினால், அவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நபியவர்கள் துஆச் செய்த இடத்தில் நாம் கேலி செய்யலாமா?

கடைத்தெருவைக் கேட்டவர்

மதீனாவில் நாயகம் அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் சகோதரர்களாகச் சேர்த்து வைத்தார்கள். மக்காவின் வியாபாரி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு அவர்களுக்கு மதீனாவின் செல்வந்தர் ஸஅது இப்னு ரபீஉ அவர்கள் சகோதரரானார்கள். ஸஅது அவர்கள் தம் சொத்தில் சரிபாதியை எடுத்துக் கொள்ளும்படி சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் அவர்கள், உங்கள் குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்று துஆச் செய்து விட்டு, ஊர்க் கடைத்தெரு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். போனார்கள், காய்ந்த பாலாடைக் கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு வந்தார்கள். அன்றாடம் போய் வந்தார்கள். சில நாளிலே உடையில் குங்குமப்பூ நிறத்தோடு நாயகத்தின் முன் வந்து நின்றார்கள். என்னவென்று விசாரிக்க, அன்சாரிப் பெண்ணொருத்தியை நிகாஹ் செய்ததாகவும், பேரீச்சங் கொட்டை எடை தங்கம் மஹர் கொடுத்ததாகவும் சொன்னார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நாயகம் அவர்கள் கூறினார்கள்.

இந்தக் கதையை நாம் எல்லாரும் பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, அப்துர் ரஹ்மான் அவர்களின் உழைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம். வந்தவன் கையேந்தக் கூடாது, உழைத்து முன்னுக்கு வர வேண்டும் என்று புதுப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்தக் கதையில் இருவர் இருக்கிறார்கள். சரிபாதி தருகிறேன் என்றவர் ஒருவர். கடைத்தெரு போதும் என்றவர் மற்றவர். ஸஅது சொல்லாமல் இருந்திருந்தால் அப்துர் ரஹ்மானின் பெருமை எப்படித் தெரியும்? நாம் ஸஅதின் இடத்தில் அமர்ந்து கொண்டு, பிள்ளைகளிடம் மட்டும் அப்துர் ரஹ்மானைத் தேடுகிறோம். அது நியாயமல்ல.

கெடா என்னும் வீடு

நாம் வந்திருக்கும் இடம் எப்படிப்பட்டது? நம் பழந்தமிழர் இதைக் கடாரம் என்றார்கள். ஜெராய் மலையைக் கடலில் தூரத்தே கண்டு கப்பலோட்டிகள் கரை சேர்ந்தார்கள். மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய வியாபாரத் துறைகளின் சின்னங்கள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கெடா சுல்தான்களின் வர்த்தகத்தைப் பார்த்துக் கொண்ட அரச சவுதாகர்களில், சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். பினாங்குத் தீவும் 1786 வரை கெடாவின் தீவுதான். 1926ல் கட்டப்பட்ட ரஜூலாவும், பிறகு 1985ல் தீப்பிடிக்கும் வரை ஓடிய சிதம்பரமும் நம் பாட்டன்மாரையும் தகப்பன்மாரையும் பினாங்கில் இறக்கி விட்டன. அவர்கள் தோளில் காண்டார் கட்டையைச் சுமந்து சோறு விற்றார்கள். தோட்டத்து லயங்களுக்குச் சைக்கிளில் சாமான் கொண்டு போனார்கள். பெரட்டுக்குப் போகும் தொழிலாளிக்குக் கடன் புத்தகத்தில் எழுதி அரிசி கொடுத்தார்கள். இன்று கித்தா மரம் பல இடங்களில் செம்பனையாயிற்று. லயங்கள் பலவும் தாமான்களாயின. கடை மட்டும் நிற்கிறது.

இந்த மாநிலத்துக்குச் சிறப்புப் பெயர் தாருல் அமான். அமைதியின் வீடு, அச்சமற்ற வீடு என்று பொருள். குரைஷி சூராவில், மாரியிலும் கோடையிலும் வியாபாரப் பிரயாணம் போன குரைஷியரைப் பற்றிச் சொல்லி வரும் அல்லாஹுத்தஆலா, அவர்களுக்குப் பசிக்கு உணவும் அச்சத்துக்கு அபயமும் தந்ததை நினைப்பூட்டுகிறான். அபயமளித்தான் என்பதற்கு அங்கே வருவதும் இந்த அமான் என்ற சொல்லின் வேரே. பசிக்குச் சோறு, அச்சத்துக்கு அமான் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் நிஃமத் முழுமையாகும். நம் கடைப் பிள்ளைகளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை; சோற்றுக் கடையிலேயே நிற்கிறார்கள். அமான் இருக்கிறதா? இதுவே என் கேள்வி.

வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பிமார்களே! நீங்கள் இரண்டு வருஷமோ ஐந்து வருஷமோ இருந்து விட்டுப் போகப் போகிறவர்கள். உங்களுக்குப் பிரஜா உரிமை வாங்கச் சொல்லிப் பயனில்லை. ஆனால் இருக்கும் வரைக்கும் முகீமாக இருங்கள்.

முதலாவது, பாஷை. ஜைது இப்னு ஸாபித் அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நாயகம் ஏவினார்கள். அரை மாதத்தில் கற்றுத் தேறினார்கள். நீங்கள் மூன்று மாதத்தில் மலாய் பேசலாம். ஆனால் புத்தகத்து மலாய் வேறு, கெடா மலாய் வேறு. இங்கே ‘மாய்’ என்றால் வா. ‘பி’ என்றால் போ. ‘ஆவாட்’ என்றால் ஏன். பத்துக் காசு ஒரு கூப்பாங். ஐம்பது காசு ‘லீமா கூப்பாங்’. என் கடைக்கு வந்த பிள்ளையொருவன், பெரியவர் ஒருவர் லீமா கூப்பாங் என்று கேட்டதை ஏதோ பலகாரம் என்று எண்ணி அலமாரியெல்லாம் தேடினான். இன்னொரு வேடிக்கை. நம் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். மலாயில் அக்காளைக் காக்காக் என்பார்கள். அவன் என்னை நோக்கிக் காக்கா என்று கூப்பிட, மீன் வாங்கி வந்து நின்ற இரண்டு மலாய்ப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முதல் அவர்களுக்கும் அவனுக்கும் பழக்கமாயிற்று. மனிதர்களைக் கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்ளத்தான் என்று அல்லாஹ் சொல்லுகிறான். அறிந்து கொள்வதற்கு முதல் படி, பக்கத்துக் கடைக்காரர் பெயரைத் தெரிந்து கொள்வது.

இரண்டாவது, ஊரின் நடை. இங்கே வெள்ளியும் சனியும் அரசாங்க விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் உண்டு. ஹனபி வழியில் வந்தவர்கள் பஜ்ரில் இமாம் குனூத் ஓதக் கண்டு திகைக்க வேண்டாம். இது ஷாபிஈ நாடு. மத்ஹப் சந்தேகம் வந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். சாப்பாட்டு மேஜையில் சண்டை போடாதீர்கள். ஒரு விடுமுறையில் அலோர்ஸ்டார் போய் ஜாஹிர் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுங்கள். 1912ல் கட்டத் தொடங்கிய பள்ளி அது. அதன் கறுப்புக் குப்பாக்களின் கீழ் நின்று ஸப்பில் தோள் சேர்ந்தால், இந்த ஊரில் எனக்கும் இடமுண்டு என்று நெஞ்சுக்குத் தெரியும்.

மூன்றாவது, உடலும் பணமும். சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பி விட்டு, பல்வலிக்கு மருந்தில்லாமல் இருப்பது தியாகமல்ல, உடம்பும் அமானிதமே. கையில் கொஞ்சம் வையுங்கள். ஊரில் உள்ளவர்களுக்கு உங்கள் உண்மை நிலையைச் சொல்லுங்கள். இங்கே நீங்கள் கல்லாப் பெட்டியில் அமர்ந்திருப்பதாகப் படம் அனுப்பினால், அங்கே கலியாணச் செலவு அதற்குத் தக்கபடியே வளரும்.

நான்காவது, பிற மதத்தார் உறவு. நாயகம் அவர்கள் ஹிஜ்ரத் போனபோது பாதை காட்டக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அன்று முஸ்லிமல்லாதவர். உயிரையே நம்பி ஒப்படைத்தார்கள். அவரும் நம்பிக்கையைக் காத்தார். இங்கே தோட்டத்துத் தமிழரும் சீனத் தவுக்கேயும் உங்களுக்கு வழி காட்டுவார்கள். அவர்களுக்கு ஹக்கு உண்டு, மறவாதீர்கள்.

முதலாளிமார்களே!

இனி நம் பக்கம். இங்கே ஒரு பிக்ஹு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஷாபிஈ இமாம்கள் முகீமுக்குள்ளும் ஒரு பிரிவு வைத்தார்கள். ஊரையே நிரந்தரமாகக் கொண்டவன் முஸ்தவ்தின். தங்கியிருந்து ஒரு நாள் திரும்பிப் போகும் எண்ணமுள்ளவன் வெறும் முகீம். ஜும்ஆவுக்கு நாற்பது பேர் வேண்டும் என்ற கணக்கில் இந்த முகீமைச் சேர்ப்பதில்லை. ஆனால் ஜும்ஆ அவன் மேலும் கடமை! எண்ணிக்கையில் இல்லை, கடமையில் உண்டு.

பெர்மிட்டில் வந்த பிள்ளையின் நிலை இதுதான். இந்த நாட்டின் கணக்கில் அவன் பிரஜையல்லன். நம் ஜமாஅத்தின் அங்கத்தினர் புத்தகத்திலும் பெரும்பாலும் அவன் பெயர் இல்லை. அதனால் அவனுக்கு அல்லாஹ்விடத்தில் கடமை இல்லாமல் போய் விடுமா? நம்மிடத்தில் அவனுக்கு ஹக்கு இல்லாமல் போய் விடுமா?

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் அதிகம். அதுவும் தொழுகை விட்டு வரும் கூட்டம். அதற்காகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்தி வைக்கும் கடைகள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டு விரைந்து வரும்படி திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. தொழுகை முடிந்தபின் பரந்து சென்று ரிஜ்க்கைத் தேடவும் அதுவே அனுமதிக்கிறது. அந்த வசனத்தின் பின்பாதியை மட்டும் ஓதுகிறவர்களாக நாம் ஆகி விடலாமா? ஒரு மணி நேரம் ஷட்டரை இறக்குங்கள். அந்த ஒரு மணி நேரத்து இலாபத்தில் பரக்கத் இல்லை. இறக்கிய ஷட்டரில் இருக்கிறது.

அடுத்தது, பாஸ்போர்ட். வந்திறங்கியதும் பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. ஓடி விடுவான் என்பது நாம் சொல்லும் காரணம். பிறருடைய பாஸ்போர்ட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தகப்பன் மவுத்தானால் முகம் பார்க்கப் போக முடியுமா என்ற அச்சம் அவன் நெஞ்சில் இருக்கும் வரை, தாருல் அமானில் அவனுக்கு ஏது அமான்? பத்திரமாக வைக்க அவன் கொடுத்தால் அது அமானிதம்; கேட்ட மாத்திரத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் அமானிதத்தின் இலக்கணம்.

மூன்றாவது, கூலியும் நேரமும். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நாயகம் அவர்கள் சொன்னார்கள். உங்கள் ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், தாங்காத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கை கொடுங்கள் என்ற கருத்துப்பட ஹஜ்ரத் அபூதர்ருக்குப் போதித்தார்கள். இந்நாட்டு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்கிறது. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று எல்லை குறைக்கப்பட்டது. 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ காப்பு உண்டு. இவையெல்லாம் வியாபாரத்துக்குப் பாரம் என்று நாம் புலம்புகிறோம். அரிசி விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது, வாடிக்கையாளர் ஒரு கூப்பாங் ஏற்றினாலும் முகம் சுளிக்கிறார். எனக்கும் தெரியும், நானும் கல்லாவில் உட்காருகிறவனே. ஆயினும் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே நமக்கு விதிக்கப்பட்டதை, பார்லிமெண்டு நேற்று நினைவூட்டியது என்று நாம் வெட்கப்பட வேண்டுமே தவிர, கோபப்படுவதில் அர்த்தமில்லை.

ஓர் ஆட்சேபணை

இவ்வளவும் கேட்டு விட்டு ஒருவர் சொல்லலாம்: உலகத்தில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்கும்படியல்லவா நாயகம் இப்னு உமருக்குச் சொன்னார்கள், நீர் ஊன்றி வாழச் சொல்கிறீரே என்று.

நல்ல கேள்வி. அந்த ஹதீஸ் உலகம் முழுவதையும் பற்றியது. கெடாவில் மட்டும் வழிப்போக்கனாக இரு, உன் கிராமத்தில் நிரந்தரமாக இரு என்று அது சொல்லவில்லை. இங்கே நான் முசாபிர் என்று சொல்லி, பத்துப் பிள்ளைகளைக் கடை மாடியில் ஒரே அறையில் படுக்க வைப்பவர், ஊரில் மூன்று தட்டு மாடி கட்டும்போது மட்டும் அந்த ஹதீஸை மறந்து விடுகிறார். வழிப்போக்கனாக இருப்பதென்றால் ஆசையைச் சுருக்குவது. கடமையைச் சுருக்குவதல்ல. முசாபிருக்கும் தொழுகை உண்டு. விட்டு விடச் சொல்லவில்லை.

அந்த வழிப்போக்கின் தலைவரான நாயகத்தையே பாருங்கள். ஹிஜ்ரி 8ல் மக்கா வெற்றியாயிற்று. பிறந்த ஊர் கைக்கு வந்து விட்டது. அன்சாரிகளுக்கு உள்ளூரக் கலக்கம். இனி நம்மிடம் திரும்பி வருவார்களா? வாழ்வும் உங்களோடு, மவுத்தும் உங்களோடு என்ற கருத்தில் நாயகம் அவர்களைத் தேற்றினார்கள். ஹுனைனுக்குப் பின் மற்றவர்கள் ஆடும் ஒட்டகையும் ஓட்டிக் கொண்டு போக, அன்சாரிகள் அல்லாஹ்வின் ரஸூலைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக் கொண்டு போனார்கள். இன்றும் மதீனாவில்தான் அடங்கியிருக்கிறார்கள். வந்தாரை வாழ வைத்த ஊருக்குக் கிடைத்த பேறு அது.

மதீனாவில் கால் வைத்த அந்த ஆரம்ப நாளில் நாயகம் அவர்கள் பேசியதை, அன்று யூத அறிஞராக இருந்து பின்பு இஸ்லாமான அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அறிவிக்கிறார்கள். ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, இரத்த பந்தத்தைப் பேணுவது, மக்கள் உறங்கும்போது எழுந்து தொழுவது என்ற நான்கைச் சொல்லி, இவற்றைச் செய்தால் நிம்மதியோடு சுவர்க்கம் புகலாம் என்றார்கள். வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒரே பயான். ஸலாம் பரவினால் அந்நியம் போகும். உணவளித்தால் பசி போகும். இரத்த பந்தம் பேணினால் ஊர் உறவு அறாது. இரவில் எழுந்தால் தனிமை போகும்.

நம் ஜமாஅத்தும் ஒரு காரியம் செய்யலாம். மாதம் ஒரு நாள் பள்ளி முற்றத்தில், புதிதாய் வந்த பிள்ளைகளுக்கென்று கூடுவோம். கெடா மலாய் பேசிப் பழகுவோம். பெர்மிட்டு, சொக்சோக் காரியங்களைத் தெரிந்தவர் சொல்லட்டும். ஆலிம் ஒருவர் மத்ஹபுச் சந்தேகம் தீர்க்கட்டும். முடிவில் எல்லாரும் ஒரே ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று முதலாளிமார் பரிமாறட்டும். மற்ற இருபத்தொன்பது நாளும் பரிமாறுகிறவர்கள் அவர்கள்தானே.

யா அல்லாஹ்! நாங்கள் வந்து சேர்ந்த இந்த மண்ணை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக. எங்கள் தராசிலும் படியிலும் பரக்கத் செய்வாயாக. எங்களை நம்பி வந்தவர்களுக்கு எங்கள் கையால் அமான் கிடைக்கச் செய்வாயாக. ஊரிலே அவர்களை எதிர்பார்த்திருக்கும் தாய்மார்களின் கண்களைக் குளிர வைப்பாயாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.